ஜார்ஜ் விடுதி

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள பரோ நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சிறிய வாயிலினுள் நுழைந்தால் ஒரு முற்றத்தைக் காணலாம். அதன் ஒரு பக்கத்தில், மரத்தாலான மாடித் தாழ்வாரங்களுடன் பழமையான கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுவே ஜார்ஜ் விடுதி.

முற்காலத்தில் இலண்டன் நகரையும் தென்கரையையும் இணைத்தது இலண்டன் பாலம் மட்டுமே. 1750ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. கேன்டர்பரி, டோவர் முதலிய ஊர்களுக்குச் செல்வோர் அப்பாலத்தைக் கடந்து இச்சாலை வழியாகவே பயணம் செய்தனர். எனவே, பயணிகள் தங்கவும் குதிரைகள் இளைப்பாறவும் சாலையோரத்தில் பல விடுதிகள் தோன்றின. கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் யாத்திரிகர்கள் ஒன்றுகூடும் டபார்டு விடுதியும் இங்குதான் இருந்தது.

1676ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயில் சதர்க்கின் பெரும்பகுதி அழிந்தது. ஜார்ஜ் விடுதியும் தப்பவில்லை. எனினும், மறு ஆண்டே அது மீண்டும் கட்டப்பட்டது. பயணிகளை ஏற்றிய குதிரைவண்டிகள் முற்றத்திற்குள் வந்து நின்றன. மாடி அறைகளின் கதவுகள் திறந்த தாழ்வாரத்தை நோக்கி அமைந்திருந்தன. அங்கு நின்றபடியே முற்றத்தில் நடப்பவற்றை எல்லாம் பார்க்க முடிந்தது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தம்முடைய ‘லிட்டில் டோரிட்’ புதினத்தில் இவ்விடுதியைக் குறிப்பிட்டுள்ளார்.

தீயினால் அழிந்தும் மீண்டெழுந்த விடுதிக்கு இரயில் பெரும் சோதனையானது. 1836ஆம் ஆண்டில் இலண்டன் பாலத்தருகே இரயில் நிலையம் திறக்கப்பட்டது. இரயில் பாதைகள் பெருகப் பெருக, குதிரைவண்டிகளின் தேவை குறைந்தது. விடுதிகள் வருமானம் இழந்தன. டபார்டு விடுதி 1873ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஜார்ஜ் விடுதியோ ஓர் இரயில் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1889ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கிடங்குகள் அமைப்பதற்காக விடுதியின் பெரும்பகுதியை இடித்தது. தென்பகுதி மட்டுமே எஞ்சியது.

அந்த எஞ்சிய பகுதியை, 1937ஆம் ஆண்டில் அப்போதைய உரிமையாளரான மற்றோர் இரயில் நிறுவனம், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இன்று இலண்டனில் மாடித் தாழ்வாரங்களுடன் எஞ்சியிருக்கும் பழைய குதிரைவண்டி விடுதி இது ஒன்றே. இங்கு இன்றும் மக்கள் அமர்ந்து உண்டு மகிழ்கின்றனர்.

புதிய வசதிகள் வரும்போது பழையவை பயனற்றவையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால், இடித்த கட்டடத்தை எவ்வளவு பொருள் செலவழித்தாலும் அதே பழமையுடன் திரும்பப் பெற இயலாது. காலம் கடப்பதற்குள் காக்க வேண்டியதைக் காப்பதே அறிவுடைமை என்பதற்கு ஜார்ஜ் விடுதி சான்றாக விளங்குகிறது.