ஒளிகிற ஆளை மாற்றுங்கள்

மீட்பு நாய்ப் பயிற்சிக்குத் தன்னார்வலராகப் போனால் நமக்குக் கிடைக்கும் முதல் வேலை ஒளிந்துகொள்வது. லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு சிறு குழுவோடு நான் செய்ததும் அதுதான். பாதி கட்டி நின்ற வீடு, சிமென்ட் குழாய், பெரிய பிளாஸ்டிக் டிரம் என்று ஒளிய வேண்டும். நாய் மோப்பம் பிடித்து வந்து விடாமல் குரைத்தால், அதன் பொம்மையைக் கொடுத்து விளையாட வேண்டும். முழுக்கைச் சட்டை, ஷூ, தண்ணீர், கையில் போன் போதும். டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். விடிந்ததுமே போய்விடுங்கள். நமக்கும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நாய்க்கு மூச்சிரைக்கும், சரியாக மோப்பம் பிடிக்காது. கடல்காற்று வீசத் தொடங்கினால் வாசனை போகும் திசையும் மாறிவிடும்.

எங்கள் குழுவைக் கெடுத்தது ஒரே தவறு. எப்போதும் ஒளிந்தது நான் மட்டும்தான். நான் இருக்கும் இடம் நாயைப் பிடித்து வரும் ஹேண்ட்லருக்கும் தெரியும். ஆளை மாற்றுங்கள், இடத்தை அவருக்குச் சொல்லாதீர்கள் என்று பலமுறை கேட்டேன். "நாய் ஒழுங்காத்தானே கண்டுபிடிக்குது, நீங்க ஏங்க குழப்புறீங்க?" என்றார் குழுவை நடத்தியவர். மூணாறு அருகே பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் நிலச்சரிவில் மாண்ட குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்த குவி என்ற நாயை உதாரணம் சொன்னார். குவி தேடியது தன்னோடு விளையாடிய குழந்தையை. மீட்பு நாய் தேட வேண்டியது முன்பின் தெரியாத ஆளை. இந்த வித்தியாசத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

பிறகு வெளியாட்கள் முன்னால் சோதனை வைத்தார்கள். ஒளிந்தவர் புதியவர், இடம் ஹேண்ட்லருக்குத் தெரியாது. எங்கள் லாப்ரடார் அவர் படுத்திருந்த குழாயைத் தாண்டி வந்து, ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் அங்கே நின்றதுதான் காரணம் என்று பழியை என்மேல் போட்டார்கள். அந்த நாய்மேல் ஒரு குற்றமும் இல்லை. என்னைத் தேடத்தானே அதற்குக் கற்றுக்கொடுத்தோம்?

ஹேண்ட்லருக்கு இடம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2011இல் வெளியான கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வில், தேடும் பொருளே இல்லாத அறைகளுக்கு 18 மோப்ப நாய்களை அனுப்பினார்கள். பொருள் இருப்பதாக நம்பவைக்கப்பட்ட ஹேண்ட்லர்கள், நாய் காட்டிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கியின் நூர்தாகியில் நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாய் ஜூலி இடிபாட்டில் நின்று குரைத்தது. ரோமியோ என்ற இன்னொரு நாயும் அதே இடத்தை உறுதிசெய்தது. ஆறு வயதுச் சிறுமி உயிரோடு மீட்கப்பட்டாள். அவளை அந்த நாய்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பயிற்சி என்றால் அதுதான்.

லாஸ்பேட்டைக் குழுவிலிருந்து நான் விலகியது சரியான முடிவு. நீங்கள் சேரும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த முறை ஒளியப்போவது யார்? ஒளியும் இடம் ஹேண்ட்லருக்குத் தெரியுமா? நேரான பதில் வராவிட்டால் அங்கே சேராதீர்கள். எந்தக் குழுவில் சேர்ந்தாலும், உங்கள் தெருவிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆளை அழைத்துப் போங்கள்.