எந்த பேட்டரி அதிகம் ஓடும்?

எங்க மாமா கோட்டைக்குப்பத்தில் பைபர் போட்டு ரிப்பேர் செய்பவர். போட்டு நிற்கிற கரையில கரண்ட் கிடையாது. அதனால் ஓட்டை போட பேட்டரி டிரில்தான். அவரிடம் இருந்தது 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர். பாதி வேலையில் நின்றுவிடும். "3 போட்டது அதிகம் ஓடும்" என்று கடையில் சொன்னதை நம்பி, சீட்டுப் பணத்தில் 12 வோல்ட், 3 ஆம்பியர் ஹவர் டிரில் வாங்கி வந்தார். அதுவும் பாதியிலேயே நின்றது. மாமா அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நான் அறிவியல் நோட்டை எடுத்தேன். 2 ஆம்பியர் ஹவர் என்றால் 2 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம், அல்லது 1 ஆம்பியர் 2 மணி நேரம் வரும். ஆனால் மொத்த ஆற்றல் தெரியணும்னா வோல்ட்டால் பெருக்கணும். 18 × 2 = 36. 12 × 3 = 36. இரண்டும் அதே 36 வாட் ஹவர்!

செல்போனில் 5000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று பெரிசா போட்டிருக்கும். அது வெறும் 5 ஆம்பியர் ஹவர். வோல்ட் 4-க்கும் குறைவு. பெருக்கினால் 20 கூட வராது.

சில டிரில் பேட்டரியில் 20 வோல்ட் என்று இருக்கும். உள்ளே 5 லித்தியம் செல்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஆக 18தான். சார்ஜ் முழுசா ஏறினதும் கொஞ்ச நேரம் 20 காட்டும், அவ்வளவுதான்.

மாமா இப்போ பழைய மெஷினுக்கே 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி வாங்கப் பொன்னேரி போகிறார். என்னையும் கூட்டிட்டுப் போறாராம். அது எத்தனை வாட் ஹவர்? நீங்களே போட்டுப் பாருங்க.