வெள்ளிதோறும் புதுப் பாட்டு
வடசென்னையின் கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் கானா கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சினிமாவுக்கு வெளியே உள்ள இசை புதிதல்ல. புதியவர்களைத் தேட, பிடித்த ஒரு குழுவிலிருந்து தொடங்கலாம். 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, ராப், ராக் மூன்றையும் கலந்தது. அதில் பாடிய இசைவாணி, அறிவு இருவரையும் தனித்தனியே பின்தொடர்ந்தால், அவர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்களும் அறிமுகமாவார்கள். யூடியூப் பாட்டுக்குக் கீழே உள்ள விவரத்தை விரித்து, ஒவ்வொரு பெயரையும் தேடிப் பாருங்கள்; இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

இப்படிப் பின்தொடரும் கலைஞர்களின் புதுப் பாட்டுகளைத் தரும் ஸ்பாட்டிஃபையின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியல் வெள்ளிதோறும் மாறும்.

பேண்ட்கேம்ப் தளத்தில் இசைவகையையும் ஊரையும் வைத்துத் தேடலாம். பிடித்த ஆல்பத்தை அங்கே காசு கொடுத்தே வாங்குங்கள். பெரும்பங்கு கலைஞருக்குப் போகிறது.

டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தின் 'மார்கழியில் மக்களிசை' இசைவிழா நடந்தால், நேரில் போய்க் கேளுங்கள்.