பழைய இழைப்புளி

நுழையும் முன்

இன்றைய தச்சுப் பட்டறைகளில் மின் இழைப்புளியின் ஓசையே மிகுதியாகக் கேட்கிறது. புதிய கருவி வாங்க இயலாதோர் பழையதை நாடுகின்றனர். அதனை எவ்வாறு ஆராய்ந்து வாங்குவது? ஒரு தந்தையும் மகளும் கடைக்குச் சென்ற நிகழ்ச்சியின் வழியே இப்பாடம் அதனைக் கூறுகிறது.

மாணவர்களே, முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை தச்சர். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து தில்லிக்கு வந்து, 15 ஆண்டுகளாகக் கதவும் சன்னலும் செய்து வந்தவர். அவருடைய மின் இழைப்புளி ஒரு நாள் புகைந்து நின்றுவிட்டது. 12 கதவுகளுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. கையால் இழைத்தால் குறித்த நாளில் முடியாது. கையிருப்போ புதிய கருவியின் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே ஞாயிறு காலை, மரக்கடைகளுக்கும் அறைகலன்களுக்கும் பெயர்பெற்ற கீர்த்தி நகருக்கு மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். தகட்டில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கத் தம் கண்கள் போதா என்பது அவர் சொன்ன காரணம்.

தில்லித் தச்சர்கள் ‘ரந்தா’ என்று கூறும் கருவியையே நாம் ‘இழைப்புளி’ என்கிறோம். மரத்தின் மேற்பரப்பைச் சீவி வழவழப்பாக்குவதே இழைத்தல். மின் இழைப்புளியின் அடியில் முன் தட்டு, பின் தட்டு என இரண்டு தட்டுகளும், அவற்றின் நடுவே ஓர் உருளையும் உண்டு. உருளையில் கூரிய அலகுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவ்வுருளை நிமிடத்திற்கு ஏறத்தாழ 16,000 முறை சுழலும். விரல் பட்டால் என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதற்கடையில் பளபளவென்று ஓர் இழைப்புளி இருந்தது. அண்மையில் வண்ணம் பூசியிருந்தனர்.

“போட்டுப் பார்க்கலாமா, அப்பா?” என்றாள் மகள்.

“பொறு அம்மா. மின்சாரம் கொடுத்தால் காதுக்கு வேலை. அதற்கு முன் மூக்குக்கும் கைக்கும் வேலை இருக்கிறது” என்றார் தந்தை.

அவர் முதலில் கருவியின் காற்றுத் துளைகளை முகர்ந்தார். உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருந்தால் அந்த நாற்றம் எளிதில் போகாது; வண்ணம் பூசினாலும் மறையாது. அலகுகளில் கை படாமல் உருளையின் ஓரத்தை ஒரு மரக்குச்சியால் தள்ளிச் சுழற்றினார். மணல் அரைபடுவது போன்ற உணர்வு கையில் தட்டினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு தம் மூலைமட்டத்தின் நேர்விளிம்பை அடித்தட்டின்மேல் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தார். இடையில் ஒளி கசிந்தால் தட்டு வளைந்திருக்கிறது; கருவி எப்போதோ உயரத்திலிருந்து விழுந்திருக்கிறது. அலகு மழுங்கியிருந்தால் மாற்றலாம், பெல்ட் அறுந்திருந்தால் மாற்றலாம்; வளைந்த தட்டைக் கொண்டு நேரான கதவு செய்ய முடியாது.

எல்லாம் சரியாகவே இருந்தன. “தகட்டைப் படி” என்றார் தந்தை.

220 வோல்ட் என்று மகள் படித்தாள். இதனைப் பார்ப்பது மிகவும் இன்றியமையாதது. வெளிநாட்டில் பயன்படுத்தப்பட்டு இங்கு வந்த கருவிகளுள் 110 வோல்ட்டுக்கு உரியவையும் உண்டு. நம் வீட்டு மின்சாரத்தில் அவற்றை நேரே இணைத்தால் மோட்டார் எரிந்துபோகும். சதுரத்துக்குள் சதுரம் இட்ட குறியும் அத்தகட்டில் இருந்தது. அது இரட்டைக் காப்பு உடைய கருவி என்பதன் அடையாளம். அத்தகைய கருவிக்கு நிலத்தொடர்புக் கம்பி தேவையில்லை. அக்குறி இல்லாத கருவியில் மூன்று முனைச் செருகி இருந்தே ஆகவேண்டும்.

“தொடர் எண் என்ன?”

“இல்லை அப்பா. அந்த இடத்தில் அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.”

தந்தை கருவியை மெல்லக் கீழே வைத்தார். கடைக்காரர் சிரித்தவாறே, “எண்ணைக் கொண்டா மரம் இழைக்கப் போகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார், 300 ரூபாய் குறைப்பதாகவும் சொன்னார். தந்தை வணக்கம் கூறி வெளியே வந்துவிட்டார்.

சற்றுத் தூரம் நடந்தபின் அவரே பேசினார்: “நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, வேலை செய்த கட்டடத்திலிருந்து என் கருவிப்பை காணாமற் போயிற்று. இரண்டு மாதம் கூலிக்குப் பலகை சுமந்தேன். அந்தக் கருவியும் இப்படி எண்ணை இழந்து ஏதோ ஒரு கடையில் இருந்திருக்கும்.”

எண் அழிந்த கருவிகள் யாவும் திருட்டுப் பொருள்கள் அல்ல. நாட்பட்ட உழைப்பில் தகடு தேய்வதும் உண்டு. ஆனால் அரத்தால் தேய்த்த தடம் வேறு. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

நண்பகலில் நான்காவது கடையில் அழுக்கேறிய இழைப்புளி ஒன்று கிடைத்தது. எண் தெளிவாக இருந்தது. மின்கம்பி கைப்பிடியில் நுழையும் இடத்தில் வெடித்திருந்தது. அதன்மேல் ஒட்டுநாடா சுற்றியிருந்தனர். கம்பியை மாற்றாமல் சோதிக்க மாட்டேன் என்று தந்தை உறுதியாக நின்றார். கடைப்பையன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தான்.

பின்னர்தான் மின்சாரம் கொடுத்தனர். தந்தை விசையை அழுத்தினார்; விட்டார். விட்டவுடன் விசை தானே மீண்டு வந்தது. ஓடும் நிலையிலேயே நிறுத்திவைக்கும் பொத்தானையும் இருமுறை அழுத்தி, அது விடுபடுகிறதா என்று பார்த்தார். சிக்கிக்கொள்ளும் விசை உள்ள கருவியை இலவசமாகத் தந்தாலும் வாங்கலாகாது என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இத்தனைக்கும் எனக்கு ஆணி அடிக்கவே நேராக வராது!

துளைகளின் வழியே உள்ளே பார்த்தபோது கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் நீலப்பொறி தெரிந்தது. சிறு பொறி இயல்பானது. வளையம் போலச் சுற்றிலும் தீப்பொறி பறந்தால் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஆர்மேச்சரே பழுதாகியிருக்கவும் கூடும். முன்னது சிறு செலவு. பின்னது பழைய கருவியின் விலையையே விழுங்கிவிடக்கூடும். எனவே பிரஷ்களைக் கழற்றிக் காட்டச் சொன்னார். அவை அடையாளக் கோடு வரை தேய்ந்திருந்தன. புதியவற்றை இட்டதும் பொறி தணிந்தது.

கடைசியாகத் தாம் கொண்டு சென்ற தேக்குத் துண்டை இழைத்துப் பார்த்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. நிறுத்திய பின்னும் உருளை சில நொடிகள் சுழன்றது. அது முற்றிலும் நிற்கும்வரை அவர் கருவியைக் கீழே வைக்கவில்லை.

2,800 ரூபாய் கேட்டவர் 2,300க்கு இறங்கினார். தொடர் எண்ணைக் குறிப்பிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கினர். அவ்வெண்ணை மகள் தன் தமிழ்க் குறிப்பேட்டின் பின்னட்டையிலும் எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அவள் இக்கதையை எனக்குச் சொன்னாள்.

சொல் அறிவோம்

அறைகலன் – மேசை, நாற்காலி, கட்டில் முதலியவை
மூலைமட்டம் – செங்கோணம் பார்க்கும் தச்சுக் கருவி
அரம் – இரும்பைத் தேய்க்கும் கருவி
இழைப்பு + உளி = இழைப்புளி

பயிற்சி

1. மின்சாரம் கொடுப்பதற்கு முன் தந்தை செய்த சோதனைகளை உம் சொற்களில் எழுதுக.
2. பழைய கருவியில் மாற்றத்தக்க குறை எது, மாற்றவியலாத குறை எது? பாடத்திலிருந்து ஒவ்வொன்று கூறுக.
3. முதற்கடைக்காரருக்கு நீ மறுமொழி கூறுவதாயின் என்ன கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உளி, இழைப்புளி, வாள், சுத்தியல், அரம் ஆகியவற்றை உங்கள் பகுதியில் எவ்வாறு அழைக்கின்றனர் எனக் கேட்டு அறிந்து, தமிழ்ச் சொல்லுக்கு எதிரே எழுதி வருக.