அறிதுயிலும் நினைவாற்றலும்

அறிதுயில் எனப்படும் ஹிப்னாடிசம் மறந்தவற்றை மீட்டுத் தருமா? 1976இல் கலிபோர்னியாவில் 26 பள்ளிப் பிள்ளைகளுடன் கடத்தப்பட்ட பேருந்து ஓட்டுநர், அறிதுயிலில் கடத்தல்காரர்தம் வண்டி எண்ணைப் பெரும்பாலும் சரியாகவே கூறினார். எனினும் 1982இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், அறிதுயிலுக்குப் பின் அளிக்கப்படும் சாட்சியத்தை ஏற்கலாகாது என்றது. காரணம் யாது? அந்நிலையில் மெய்யோடு கற்பனையும் கலக்கிறது. இரண்டையும் மனம் ஒரே உறுதியுடன் நம்பிவிடுகிறது.

மாண்ட்ரியலில் மருத்துவர் பென்ஃபீல்டு மூளையின் பக்க மடலை மின்சாரத்தால் தூண்டியபோதும், 520 நோயாளருள் 40 பேரே கடந்தகாலக் காட்சிகள் போன்றவற்றை உணர்ந்தனர். அவையனைத்தும் மெய்நினைவுகளே எனத் துணிதற்கில்லை.

ரோடிகர், கார்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோரினும், பாராமல் நினைவுகூர்ந்து எழுதியோரே ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஆகவே மாணவச் செல்வங்களே, வித்தைகளை நாடாது நூலை மூடிச் சொல்லிப் பார்ப்போம், நினைவு வலுப்பெறும்.