கேமிங் பிசிக்கு கிராபிக்ஸ் கார்டு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புதிதாக கேமிங் பிசி அசெம்பிள் செய்பவர்களின் பட்ஜெட்டில் பெரும்பங்கை விழுங்குவது கிராபிக்ஸ் கார்டுதான். அந்தப் பணம் வீணாவதற்கு முக்கியக் காரணம், பெட்டியின் மேல் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். பழைய 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கினால், காசு கொடுத்த வேகத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. வேலரண்ட் போன்ற கனமில்லாத கேம்கள் மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் கார்டில் மிச்சம் பிடித்து, நல்ல பிராசஸருக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் கொடுங்கள்.

அடுத்து கார்டின் மெமரி. என் பார்வையில் இன்று இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக விற்கிறது. சிப் ஒன்றேதான், மெமரி மட்டும்தான் வேறு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே இரண்டு அளவுகள் உண்டு. மெமரி நிரம்பிவிட்டால் கார்டு மிச்சத்தை கணினியின் ராமில் வைத்து, ஸ்லாட் வழியாக இழுத்து இழுத்து வேலை செய்யும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே காட்டும். ஆனால் கேமில் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கும், அல்லது எதிரே இருக்கும் சுவர் களிமண் பூசியதுபோல் மங்கலாக நிற்கும். 2023இல் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கணினிப் பதிப்புகள் வந்தபோதே 8 ஜிபி கார்டுகள் திணறின. நான்கைந்து வருடம் ஓட்டப்போகும் கார்டு என்றால் கொஞ்சம் பொறுத்திருந்தாவது 16 ஜிபி வாங்குங்கள். பட்ஜெட் அதற்கு எட்டாவிட்டால் இன்டெலின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது. ஆனால் அது முழு வேகத்தில் ஓட, மதர்போர்டின் பயாஸில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதியை ஆன் செய்திருக்க வேண்டும்.

பவர் சப்ளைக்கு (எஸ்எம்பிஎஸ்) ஒதுக்கும் பணத்தைக் குறைக்காதீர்கள். 5060 டிஐ-க்கு 180 வாட் தேவை, என்விடியா சொல்வது 600 வாட் எஸ்எம்பிஎஸ். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்று அல்ல. யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது தாங்குமா என்று கூட்டிப் பாருங்கள்.

கேபினெட்டில் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் என்று அளந்துகொள்ளுங்கள், முன்பக்க ஃபேனைக் கழித்து.

வாரண்டிக்காக ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பர் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

ஒரே பெயர் என்றால் ஒரே கார்டு என்று நம்பாதீர்கள். ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 வகையின் மெமரி நொடிக்கு 48 ஜிபி கடத்தும். பின்னால் வந்த டிடிஆர்4 வகை கிட்டத்தட்ட 17 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரிலும் 12 ஜிபி, 192 பிட் கார்டு ஒன்று, 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்று.

நிறுவனத்தின் விளம்பர வரைபடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2025 ஜனவரியில், 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்கு இணை என்று என்விடியா மேடையில் சொன்னது. ஏஐ இடையில் செருகும் ஃபிரேம்களையும் சேர்த்த கணக்கு அது. அந்த ஃபிரேம்கள் படத்தைச் சீராகக் காட்டும், ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்லும் வேகத்தைக் கூட்டாது. அந்த வசதி இல்லாமல் எடுத்த டெஸ்ட்களைத் தேடிப் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ, செகண்ட் ஹேண்ட் கார்டை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி புதிய பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்ட பல கார்டுகளைக் கண்டுபிடித்துவிடும். பிறகு அரை மணி நேரம் ஒரு கனமான கேம் ஓடட்டும். ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், வெப்பத்தைப் பாருங்கள், திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று கவனியுங்கள்.

ஒரு மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் சொருகவே சொருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும். கார்டு ஒரே நொடியில் கருகலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாதீர்கள், கார்டில் செருகுங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 60-இல் நிற்கும் ஹெர்ட்ஸை 144-க்கு மாற்றிவிட்டு கேமைத் திறவுங்கள்.