துருப்பிடித்த சைலன்சர் பைப்: ஒட்டுப் போடலாமா, மாற்றணுமா?

கேள்வி: போர்வெல் ரிக் வண்டிக்குத் துணையாக ஓடும் பழைய பி.எஸ்.3 சப்போர்ட் லாரி வைத்திருக்கிறோம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியே கிடப்பதால் பின்பாடியில் படுக்கை அடித்து, அடுப்பும் வைத்திருக்கிறோம். பையன்கள் சமைப்பது, தூங்குவது எல்லாம் அதில்தான். மழைக்காலத்துக்கு ஊருக்கு வந்து நின்றதில், சைலன்சரை ஒட்டிய பைப்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஜி.ஐ. பைப் போடச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?
- ஒரு வாசகர், ஆட்டையாம்பட்டி

பதில்: இரண்டுமே வேண்டாம். சரக்கு லாரியாக இருந்தால் ஒரு நடைக்கு ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். உங்கள் லாரியில் அந்தப் பைப்புக்கு மேலே ஆள் தூங்குகிறார்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் கேரவனுக்குள் படுத்த இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். டீசல் புகையில் பெட்ரோல் புகையைவிட இது குறைவுதான். ஆனால் அடைத்த பாடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் ஆபத்துதான். பையன்கள் காலையில் தலைவலி, குமட்டல் என்று சொல்லியிருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

துரு உள்ளிருந்து வருகிறது. 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகும். நின்ற வண்டியை 'பேட்டரிக்காக' ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால், பைப் சூடேறாமல் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். டீசலிலுள்ள கந்தகம் அதை அமிலமாக்கும். அதனால் வெளியே ஒரு ஓட்டை தெரிந்தால் சுற்றிலும் இரும்பு காகிதமாகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகட்டை எதன்மேல் வெல்டிங் அடிப்பீர்கள்? சைலன்சரையும் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். முதல் துரு அங்கேதான் பிடிக்கும். அந்தப் புகையை இழுத்தால் வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். 2 மி.மீ. எம்.எஸ். பைப் போதும். செலவு செய்ய முடிந்தால் எஸ்.எஸ். 409 நீடித்து உழைக்கும், அதை எம்.எஸ்.ஸோடு சேர்க்க 309 ராடு கேளுங்கள். பழைய பைப்பின் உள்விட்டமே இருக்கட்டும். சிறியதாகப் போட்டால் புகை தடைபட்டு மைலேஜ் விழும்.

முதல் நாள் இரவே போல்ட்டுகளில் துரு எண்ணெய் விடுங்கள். திரும்பாத நட்டை அறுத்தெடுங்கள். மேனிஃபோல்டு ஸ்டட்டில் மட்டும் பலம் காட்ட வேண்டாம். ஒடிந்தால் பெரிய வேலை. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றி, டீசல் டேங்கை மறைத்துவிடுங்கள். கேஸ்கட், கிளாம்ப், தொங்கும் ரப்பர் எல்லாம் புதிதாகவே போடுங்கள். பைப் முழுவதையும் தளர்வாக மாட்டி, இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முறுக்குங்கள். டீசல் லைனுக்கும் பைப்புக்கும் குறைந்தது 35 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பிரேக் ஹோஸும் மரப்பலகையும் இன்னும் தள்ளியிருப்பது நல்லது. வால்முனை படுக்கைப் பாடியைத் தாண்டி, ஜன்னல் இல்லாத பக்கம் முடியட்டும்.

பின்பு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். நுரை குமிழ்ந்தால் அங்கே கசிவு. சில நாள் கழித்து மூட்டுகளில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாடித் தரையில் வயர் போகும் துளைகளை அடைத்து, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இன்ஜின் ஓடும்போது உள்ளே யாரும் படுக்கக் கூடாது. அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு வண்டி நிற்கும்போது, ஸ்டார்ட் செய்தால் அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பிற்பாடு பி.எஸ்.6 லாரி வாங்கினால் இந்த வைத்தியம் அதற்குப் பொருந்தாது. அதன் புகைக்குழாயில் வடிகட்டியும் சென்சாரும் இருக்கும். கண்ட இடத்தில் அறுக்காமல் கம்பெனி சர்வீஸுக்கு விடுங்கள்.